மலாயாப் பெட்டி

இலங்கையின் வடபகுதிப் புகையிரதப் பாதை ஒரே முறையாக ஒரே திசையில் அமைக்கப்பட்டதன்று. காங்கேசன்துறையிலிருந்து யாழ்ப்பாணம் வழியாகச் சாவகச்சேரி வரையும், அதன்பின் பளை வரையும் 1902 ஆம் ஆண்டிலேயே வண்டிகள் ஓடத் தொடங்கிவிட்டன. தெற்கேயிருந்து வரவேண்டிய பாதையோ வன்னிக் காட்டை ஊடறுத்து வந்து சேர மேலும் மூன்றாண்டுகள் சென்றன. 1905 ஆகஸ்ட் 1 ஆம் நாள்தான் கொழும்பிலிருந்து புறப்பட்ட வண்டி யாழ்ப்பாணத்தை அடைந்தது. அவ்விடைக்காலத்தில் வடபாதை பளையில் வந்து முடிந்து நின்றது ஒரு காலம். பாதை முடிகின்ற இடத்தில் பெட்டிகள் இறக்கப்படும். ஆட்கள் மாட்டுவண்டிக்கு மாறுவர். இறங்கியவன் எவ்விடத்திலிருந்து வருகின்றான், என்ன கொண்டு வருகின்றான் என்று ஊர் பார்த்துக்கொண்டிருக்கும்.

பளை இன்று கிளிநொச்சி மாவட்டத்தைச் சேர்ந்தது. அம்மாவட்டம் 1984 ஆம் ஆண்டில் யாழ்ப்பாண மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. நிலவியல்படி நோக்கின் பளை ஆனையிறவுக்கு வடக்கே, குடாநாட்டுக்குள்ளேயே கிடக்கின்றது. பச்சிலைப்பள்ளிப் பகுதியின் நடுவூர் அது. கொழும்பிலிருந்து இரவு வண்டியில் வருபவருக்கு ஆனையிறவின் உப்பு வெளியும் இருபுறக் கடல்நீரும் கண்ணிற் பட்டபின், குடாநாடு தொடங்கிவிட்டது என்று உறுதி சொல்லும் முதற் பெரிய நிலையம் பளையே. அங்கே வண்டி நிற்கும்போது விழித்துக்கொண்டு, தலை சீவி, பெட்டியின் பூட்டைத் தொட்டுப் பார்த்துக்கொள்வது பயணிகளின் வழக்கம். அப்பெட்டியைப் பற்றியதே இப்பேச்சு.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக் கால் பகுதியில் மலாய் நாடுகள் பிரித்தானியரின் ஆட்சிப் பிடிக்குள் வந்தன. வெள்ளீயமும் பின்னர் இறப்பரும் அந்நாட்டைத் திறந்தன. 1885 ஆம் ஆண்டில் தைப்பிங்கிலிருந்து போட் வெல்ட் துறைமுகத்துக்கு முதற் புகையிரதம் ஓடிற்று. பாதை போடவும், நிலம் அளக்கவும், கணக்கு எழுதவும், தந்தி அடிக்கவும் ஆங்கிலம் கற்ற ஆட்கள் வேண்டியிருந்தனர். அந்நாட்டில் அத்தகையோர் அன்று மிகச் சிலரே. யாழ்ப்பாணத்திலோ 1816 முதல் அமெரிக்க மிஷனார் பள்ளிக்கூடங்களை நடத்தி வந்தனர். வட்டுக்கோட்டைச் செமினரி 1823 இல் தொடங்கியது. ஆங்கிலம் படித்தவர் தொகை பெருகியது; உத்தியோகமோ பெருகவில்லை. இலங்கைப் பொதுவேலைப் பகுதியிற் கடமையாற்றிய சார்ள்ஸ் எட்வின் ஸ்பூனர் சிலாங்கூருக்குப் பொறியியலாளராகச் சென்று, பின் ஐக்கிய மலாய் நாட்டுப் புகையிரதப் பகுதியின் முகாமையாளராக உயர்ந்தார். தாம் இலங்கையிற் கண்டறிந்த தமிழ் எழுதுவினைஞரையும் நிலையப் பொறுப்பாளரையும் அவர் விரும்பி அழைத்துக்கொண்டார். ஒருவர் சென்றால் அவர் தம்பியை அழைப்பார். தம்பி தன் மைத்துனனை அழைப்பான். இவ்வாறு கோலாலம்பூர், தைப்பிங், ஈப்போ, சிரம்பான் என்னும் பெயர்கள் யாழ்ப்பாணத்துத் திண்ணைகளில் பக்கத்து ஊர்களின் பெயர்களைப் போலப் புழங்கலாயின.

இப்படிப் புறப்பட்ட இளைஞன் ஒருவனை அனுப்பி வைத்தது யார் என்பது கவனிக்கத்தக்கது. கப்பற் கூலியும், மேற்சட்டையும் காற்சட்டையும் தைப்பிக்கும் செலவும், உத்தியோகம் கிடைக்கும்வரை அங்கே உண்டு உறங்குவதற்கான காசும் சும்மா வருவனவல்ல. தாயாரின் நகை அடைவுக்குப் போகும்; தோட்டக்காணி ஈட்டுக்குப் போகும். தமையன் படிக்கட்டும் என்று தம்பியின் படிப்பு நிறுத்தப்பட்ட வீடுகளும் உண்டு. ஆதலின் மலாயாவுக்குப் போனவன் தனியாளாகப் போகவில்லை. ஒரு குடும்பத்தின் முதலீடு கப்பலேறியது என்றே கொள்ள வேண்டும்.

இதனை வெறும் உணர்ச்சி என்று எண்ணுதல் தவறு. யாழ்ப்பாணத்துத் தமிழரின் வழக்கத்தில் இதற்குச் சட்டமே இருந்தது. ஒல்லாந்தர் காலத்தில், யாழ்ப்பாணத்துத் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் நெடுங்காலம் இங்கு வாழ்ந்து கண்டறிந்த ஊர்வழக்கங்களைத் தொகுத்து 1707 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அளித்தார். பன்னிரண்டு முதலியார்கள் அதனைப் பார்வையிட்டுச் சரியென ஒப்பினர். ஆங்கிலேயர் 1806 ஆம் ஆண்டில் அதற்குச் சட்டவலு அளித்தனர். அதுவே தேசவழமை. முதுசம், சீதனம், தேடியதேட்டம் எனச் சொத்தை வகுக்கும் அந்நூல் ஆண்மக்களைப் பற்றி ஒரு விதி கூறுகின்றது. மணமாகாத காலத்தில் மகன் சம்பாதித்ததெல்லாம் பெற்றோரின் பொதுச் சொத்தோடு சேர வேண்டும். பெற்றோர் உயிரோடிருக்குங்காறும் அவன் அதனைத் தனக்கெனக் கேட்டல் இயலாது. அவன் மேனியில் அணிந்திருக்கும் பொன், வெள்ளி ஆபரணங்கள் மாத்திரம் இவ்விதிக்கு விலக்கு.

இவ்விதியைக் கையிலே வைத்துக்கொண்டு மலாயாவிலிருந்து வந்தவனின் பெட்டியை மீண்டும் பார்த்தல் வேண்டும். வெளியார் அதனைப் பரிசுப்பெட்டி என்பர். வீட்டார் அதனைப் பரிசு என்று கருதியதாகத் தோன்றவில்லை. மகன் தேடியதை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கின்றான். சேர்க்க வேண்டியதைச் சேர்க்கின்றான். அவ்வளவே. நன்றி சொல்லும் வழக்கம் அங்கே இல்லாதிருந்ததன் காரணமும் இதுவே. தாயார் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "இவ்வளவும் ஏன்?" என்று கடிந்துகொள்வாரேயன்றிப் புகழமாட்டார். ஆங்கிலேயச் சட்டமும் நீதிமன்றங்களும் வந்தபின் பழைய விதியின் பிடி தளர்ந்தது மெய்யே. ஆனால் ஏட்டில் தளர்ந்த விதி மனத்தில் தளர்வதற்கு இன்னும் பல தலைமுறை வேண்டும் போலும்.

பிரெஞ்சு அறிஞர் மார்செல் மோஸ் 1925 ஆம் ஆண்டில் கொடையைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற ஆராய்ச்சியில், கொடுத்தல், ஏற்றல், திருப்பிக் கொடுத்தல் ஆகிய மூன்றும் கடமைகளே என்றார். பசிபிக் தீவுகளையும் வட அமெரிக்கப் பழங்குடிகளையும் சான்று காட்டினார். அவர் யாழ்ப்பாணத்துக்கு வந்திருந்தால் தைப்பிங்கிலிருந்து வந்த ஒரு றங்குப்பெட்டியே அவருக்குப் போதிய சான்றாக இருந்திருக்கும்.

பெட்டிக்குள் என்ன இருந்தது? தகர றங்குப்பெட்டியோடு பிரம்புக் கூடை ஒன்றும் வரும். வண்ணச் சாரங்கள், பட்டுத் துணி, யப்பான் பீங்கான் கோப்பைகள், குடை, கைக்கடிகாரம், தைலக் குப்பிகள். தைலத்தைப் பற்றி ஒரு சொல் இடையிற் கூறலாம். புலிமார்க் தைலத்தைச் செய்தவர்கள் இரங்கூனிலிருந்து 1926 ஆம் ஆண்டில் சிங்கப்பூருக்கு வந்து தொழில் நடத்தினர். கோடாலித் தைலம் 1928 இல் அந்நகரிலேயே தோன்றியது. இரண்டும் யாழ்ப்பாணத்துப் பாட்டிமாரின் தலையணைக் கீழ் இடம் பிடித்துவிட்டன. சாரங்கள் கிழிந்து போயின. கோப்பைகள் உடைந்து போயின. தைலம் மாத்திரம் இன்றும் வெளிநாட்டிலிருந்து வருபவரின் பெட்டியில் தவறாது வந்துகொண்டிருக்கின்றது.

பொருள்களைப் பங்கிடுவதற்கு ஓர் ஒழுங்கு இருந்தது. முதலில் ஒரு பங்கு கோயிலுக்கு. பின் தாயார், தகப்பனார். அடுத்துத் தாய்மாமன், அவரை மறந்தவன் பின்னால் அவர் மகளைக் கேட்கப் போக முடியாது. பெறாமக்களுக்கு ஆளுக்கொரு சிறு பொருள். கற்பித்த ஆசிரியருக்கு ஒரு குடையோ மேற்சால்வையோ. குடிமக்களுக்கும் அயலவர்க்கும் துணி. இவ்வொழுங்கில் எங்கேனும் வழு நேர்ந்தால் அது ஒரு கலியாண வீட்டிலோ செத்த வீட்டிலோ பத்தாண்டு கழித்தாவது வெளிப்பட்டே தீரும். யாருக்கு எதைக் கொடுத்தான் என்பதைக் கொண்டு, யாரை எவ்வளவு மதித்தான் என்று ஊர் கணக்கெடுத்தது. ஏழை உறவினருக்குக் கொடுத்த துணியின் தரம் குறைந்திருந்தால் அதனையும் ஊர் அறியும். இக்கணக்கெடுப்பு அழகான செயலன்று. ஆயினும் ஏழை உறவினரை முற்றாக மறந்துவிடாதபடி வந்தவனைக் கட்டிவைத்ததும் இக்கணக்கெடுப்பே.

கண்ணுக்குத் தெரிந்த இப்பொருள்களுக்கு அடியில், பெரும்பாலும் பெட்டியிலே வையாமல் இடுப்பிலே கட்டிக்கொண்டு வந்த ஒன்று இருந்தது. அது பொன். 1906 ஆம் ஆண்டில் மலாயாவில் வழங்கிய டொலரின் மதிப்பு இரண்டு சிலிங் நான்கு பென்ஸ் என்று நிலைநாட்டப்பட்டது. இலங்கை ரூபாய் அக்காலத்தில் ஒரு சிலிங் நான்கு பென்ஸ். ஆகவே முதல் உலகப்போருக்கு முன்னர் 60 டொலர் மிச்சம்பிடித்தவன் 7 ஆங்கிலப் பவுண்களுக்கு உரியவன். ரூபாய்க் கணக்கில் அது 105. ஆங்கிலப் பவுண் நாணயம் ஏறக்குறைய 8 கிராம் நிறையுள்ளது. இன்றும் யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் நகைக்கடைக்குப் போகும் தாய், மகளின் தாலிக்கொடியை எத்தனை பவுணில் செய்விக்கலாம் என்றே கேட்கின்றாள். இங்கிலாந்து மன்னரின் தலை பொறித்த நாணயம் வழக்கிலிருந்து மறைந்து நெடுங்காலமாயிற்று. அதன் நிறை மாத்திரம் தமிழ்ப் பெண்களின் கழுத்தில் அளவையாக நின்றுவிட்டது.

அப்பொன் யாருக்கு? தங்கைமாருக்கு. இவ்விடத்தில்தான் மலாயாப் பெட்டியின் கதை மகிழ்ச்சிக் கதையாக மாத்திரம் நில்லாது போகின்றது. மூன்று தங்கைமார் உள்ளவன் மூன்று முறை வருவான். முறைக்கொரு திருமணம் நடக்கும். ஒவ்வொரு முறையும் வெறுங்கையோடு திரும்புவான். நான்காம் முறை அவன் தனக்கென வரும்போது தலை நரைத்திருக்கும். விடுமுறை கிடைத்தும் ஊருக்கு வராதவர்களும் இருந்தனர். பெட்டி நிரம்பவில்லை என்பதே காரணம். அரைப் பெட்டியோடு வருவதிலும் வராமலிருப்பது மேல் என்று ஒரு மனிதன் எண்ணுமளவுக்கு அப்பெட்டி பெரிதாகிவிட்டது. வந்தவர்களைப் பற்றியே ஊர்க்கதைகள் பேசுகின்றன. பெட்டி நிரம்பும் நாளுக்காகக் காத்திருந்து, காத்திருந்த இடத்திலேயே முடிந்துபோனவர்களை மலாயாவின் சுடுகாடுகளே அறியும்.

இனிப் பளைக்கு வருவோம். குடாநாட்டின் மேற்குப் பகுதி சுண்ணாம்புக் கல்லின் மேல் மெல்லிய மண் படர்ந்த நிலம். பனைக்கும் புகையிலைக்கும் உரியது. பச்சிலைப்பள்ளியோ மணற்பாங்கு, தென்னைக்கு இசைந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஐரோப்பியர் இங்கே தென்னந்தோட்டங்களைத் திறந்தனர். அவர்களுக்குப்பின் தோட்டங்கள் படிப்படியாகத் தமிழர் கைக்கு வந்தன. வட்டுக்கோட்டையிலோ மானிப்பாயிலோ கல்வீடு உடைய குடும்பத்துக்குப் பளையில் ஒரு தென்னங்காணி இருப்பது பெருமையாயிற்று. சீதன உறுதிகளிலும் அக்காணிகள் ஏறின. உத்தியோகக் காசும் மலாயாக் காசும் இம்மணலிலே புதைந்தன.

புதைந்தன என்ற சொல்லைக் குறையாகக் கூறவில்லை. தென்னம்பிள்ளை நட்டு ஆறேழு ஆண்டு சென்றபின்னே காய் தரும். பின்னர் அறுபது ஆண்டுக்கு மேலும் தந்துகொண்டிருக்கும். சாரம் வாங்கி வந்தவன் ஓராண்டு நினைக்கப்பட்டான். காணி வாங்கி வைத்தவனின் பெயரால் மூன்று தலைமுறை தேங்காய் உரித்தது. வந்தவர்கள் இவ்வேறுபாட்டை அறியாதவர்கள் அல்லர். ஆயினும் காணியைப் பிரம்புக் கூடையில் வைத்து அயல்வீட்டுக்குக் காட்ட முடியாதன்றோ?

பெட்டி ஒருவழிப் பெட்டியும் அன்று. விடுமுறை முடிந்து திரும்பும்போது அது வந்ததைவிட நிறையுடையதாகவே போகும். ஒடியல், புழுக்கொடியல், பனாட்டு, பனங்கட்டி, எள்ளுருண்டை, வறுத்திடித்த மிளகாய்த்தூள், வேப்பம்பூ வடகம், கருவாடு. இவற்றின் விலையைக் கூட்டினால் ஒரு சிங்கப்பூர்ச் சாரத்தின் விலைக்கும் காணாது. ஆனால் மிளகாய்த்தூளை இடிப்பதற்குத் தாயாரும் தங்கைமாரும் இரண்டு நாள் உலக்கை பிடித்திருப்பர். சிரம்பானில் புகையிரதக் குடியிருப்பு ஒன்றிலே அத்தூளைப் பத்து வீட்டார் பங்கிட்டுக்கொள்வர். கடனைக் கொண்டுவந்து சேர்த்தவன் வேறொரு கடனைச் சுமந்துகொண்டு போனான். உறவு என்பது கணக்கு நேராகாமல் இருப்பதிலேயே தங்கியிருக்கின்றது போலும். இரு பக்கமும் சரியாகிவிட்டால் யார் யாரை நினைப்பர்?

1942 பெப்ரவரி 15 ஆம் நாள் சிங்கப்பூர் யப்பானியர் கையில் வீழ்ந்தது. அன்றிலிருந்து 1945 செப்டம்பர் வரை கடிதமும் இல்லை, காசுக்கட்டளையும் இல்லை, பெட்டியும் இல்லை. மார்ச்சில் இரங்கூன் வீழ்ந்தமையால் பர்மா அரிசியும் நின்றது. அரிசிக்கும் பணத்துக்கும் கடலையே நோக்கியிருந்த யாழ்ப்பாணம் ஒரே பருவத்தில் இரண்டையும் இழந்தது. குரக்கனும் மரவள்ளியும் ஒடியற் கூழும் கல்வீடுகளுக்குள்ளும் புகுந்தன. மலாயாவிலோ சம்பளம் வாழைமரப் படம் பொறித்த யப்பானியத் தாளாக வந்தது. போர் முடிந்த அன்று அத்தாள் குப்பையாயிற்று. சயாம்–பர்மாப் புகையிரதப் பாதை வேலைக்கென அந்நாட்டுத் தமிழ்த் தொழிலாளர் பெருந்தொகையாகக் கொண்டுசெல்லப்பட்டு மாண்டனர். போருக்குப்பின் முதன்முதல் ஊருக்கு வந்தவர்கள் கொண்டுவந்த பெட்டிகள் மிகச் சிறியன. அவற்றின் அளவை அந்த ஒருமுறை யாரும் பேசவில்லை. ஆள் வந்து சேர்ந்ததே போதுமாயிருந்தது.

பின்னர் காலம் விரைந்து மாறிற்று. இலங்கை 1948 இலும் மலாயா 1957 இலும் விடுதலை பெற்றன. குடியுரிமை, கடவுச்சீட்டு, அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு எனப் புதிய வேலிகள் எழுந்தன. அங்கேயே தங்கியவர் அந்நாட்டவராயினர். திரும்பியவர் இளைப்பாறிய சம்பளத்தை மாதந்தோறும் பெற்று, மலாயன் பென்சனியர் என்னும் பெயரோடு வாழ்ந்து மறைந்தனர். 1956 ஏப்ரல் மாதம் ஓடத்தொடங்கிய யாழ்தேவியில் பளையைக் கடந்தோர் பெரும்பாலும் கொழும்பு உத்தியோகத்தரே. அவர்களின் பைகளிலும் பிள்ளைகளுக்கு ஏதேனும் இருந்தது. எழுபதுகளின் பிற்பகுதியில் மத்திய கிழக்குக்குச் சென்றோர் வானொலிப் பெட்டியும் ஒலிநாடாக் கருவியும் கொண்டுவந்தனர்.

1983 ஆம் ஆண்டு ஆடிக் கலவரத்தின் பின் நிகழ்ந்த இடப்பெயர்வு வேறு வகையினது. முன்னர் போனவன் விடுமுறைக்கு வருவதற்கென்றே போனான். இப்போது போனவன் கனடாவிலோ சுவிட்சர்லாந்திலோ பிரான்சிலோ நோர்வேயிலோ தஞ்சம் கேட்டவன். எந்த நாட்டில் உயிருக்கு ஆபத்து என்று கூறினானோ அந்நாட்டுக்குத் தானாகவே திரும்பிச் சென்றால் அவன் பெற்ற பாதுகாப்பு கேள்விக்குள்ளாகும். அகதிகள் பற்றிய 1951 ஆம் ஆண்டு உடன்படிக்கையின் முறை அது. ஆகவே காசு வந்தது, ஆள் வரவில்லை. வங்கி இல்லாத ஊர்களுக்கு உண்டியல் என்னும் முறையால் காசு போய்ச் சேர்ந்தது. இங்கே ஒருவர் சொல்வார், அங்கே ஒருவர் கொடுப்பார். எழுத்தும் கையொப்பமும் இல்லை, நம்பிக்கையே முத்திரை. கொடுப்பவனின் கையைத் தொடாமல் கொடையைப் பெறுகின்ற புதுமையை யாழ்ப்பாணத்துத் தாய்மார் அப்போதுதான் பழகினர். தகப்பனின் கொள்ளிக்கும் வராத மகனின் காசில் அந்தியேட்டி நடந்தது.

1990 ஆம் ஆண்டு ஆனித் திங்களில் போர் மீண்டும் மூண்டு புகையிரதம் நின்றது. கண்டி வீதி ஆனையிறவில் அடைபட்டது. குடாநாட்டுக்குள் வரவும் போகவும் மக்கள் பளையை அடுத்த கிளாலிக் கரையை நாடினர்; கடனீரேரியை இரவில் சிறு படகுகளிற் கடந்தனர். அக்கடப்பில் உயிரிழந்தோர் பலர். மின்கலங்கள், எரிபொருள் முதலிய பல பொருள்களை வடக்கே கொண்டுசெல்லத் தடை இருந்தது. இலண்டனிலிருந்து கொழும்பு வரை வந்துவிட்ட ஒருவரிடம் ஊரிலிருந்து என்ன கேட்டிருப்பர்? பட்டும் பவுணும் கேட்கவில்லை. வானொலிக்குப் போட இரண்டு பற்றரி கேட்டனர். அது கொண்டுவரத்தகாத பொருள்.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகி, ஏப்ரலில் கண்டி வீதி திறக்கப்பட்டபோது, பன்னிரண்டு ஆண்டுகளாக நிரப்பப்பட்டிருந்த பெட்டிகளெல்லாம் ஒரே காலத்தில் புறப்பட்டன எனலாம். வேற்று நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டமையால் இப்போது அஞ்சாமல் வரக்கூடியவர்கள் வந்தனர். பளைக்கு வடக்கே முகமாலையில் இரு தரப்பின் எல்லை. அங்கே வாகனத்திலிருந்து இறங்க வேண்டும். பெட்டியை ஒரு தரப்பார் திறந்து பார்ப்பர். வெற்றிடத்தைக் கடந்து சென்றபின் மறு தரப்பாரும் திறந்து பார்ப்பர். வழியிற் பொருள்களுக்கு வரியும் அறவிடப்பட்டது. ஒரு நூற்றாண்டுக்கு முன்னர் பெட்டியைத் திறக்கும் உரிமை தாயாருக்கு மாத்திரம் இருந்தது. இப்போது தாயாரின் முறை கடைசியிலேதான் வந்தது; மடித்து வைத்த சேலைகள் அதற்குள் இருமுறை குலைந்திருந்தன.

அவ்வாறு வந்தவர்கள் பளையிற் கண்ட காட்சி ஒன்று உண்டு. 2000 ஆம் ஆண்டின் சமரில் அப்பகுதி பெரிதும் சிதைந்திருந்தது. தென்னைகள் வட்டின்றி வெறுங்கம்பங்களாக நின்றன. பாட்டன் மலாயாவிலிருந்து உழைத்து வாங்கி விட்ட காணி இதுதான் என்று காட்டிய உறவினர், வேலிக்கு உள்ளே கால் வைக்க விடவில்லை. அம்மண்ணில் மிதிவெடி விதைக்கப்பட்டிருந்தது. 2006 ஆகஸ்டில் முகமாலையில் மீண்டும் போர் மூண்டு வீதி மூடப்பட்டது. 2009 ஆம் ஆண்டில் போர் முடிந்தபின் மிதிவெடி அகற்றுவோர் முகமாலையில் ஆண்டுக்கணக்காக, அங்குலம் அங்குலமாக, முழங்காலில் இருந்து மண்ணைக் கிளறினர். பாட்டன் கொடுத்துச் சென்ற பரிசைப் பேரன் கையில் ஒப்படைப்பதற்கு வேண்டியிருந்த வேலை அது.

பிலிப்பைன்ஸ் நாட்டில் வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வருபவரை பாலிக்பயான் என்று அழைப்பர். நாட்டுக்குத் திரும்புபவர் என்பது பொருள். 1973 ஆம் ஆண்டில் அவர்களை வரவேற்க அரசாங்கமே ஒரு திட்டம் தொடங்கிற்று. அவர்கள் கொண்டுவரும் அட்டைப்பெட்டிக்கு அந்நாட்டில் தனிப்பெயரும் சுங்கச் சலுகையும் உண்டு. நம்மவரின் பெட்டிக்கு அத்தகைய பெயர் அமையவில்லை. மலாயாப் பெட்டி என்பது மலாயாவோடு போயிற்று. இப்போது வருவது சில்லுப் பூட்டிய பெட்டி; உள்ளே சொக்கிலேற்று, வாசனைத் தைலம், கைத்தொலைபேசி, பிள்ளைகளின் சப்பாத்து, மூட்டுவலி மாத்திரை. வாங்குவதற்குப் பட்ட கடனை இரண்டாண்டு உழைத்து அடைப்பவர் இன்றும் உளர். கடன்பட்டாவது பெட்டியை நிரப்பாமல் ஊருக்கு வரலாகாது என்னும் எண்ணம் தைப்பிங்கிலிருந்து ரொறன்ரோவுக்கு மாறாமற் போய்ச் சேர்ந்திருக்கின்றது. கொழும்புக் கடைகளிலே கிடைக்காத பொருள் அநேகமாக இன்று எதுவுமில்லை. ஆகையால் கொண்டுவரும் பொருளின் பயன் குறைந்துவிட்டது. கொண்டுவரும் கட்டாயமோ குறையவில்லை.

2014 மார்ச் 4 ஆம் நாள், இருபத்துநான்கு ஆண்டுகளுக்குப் பின்னர், தெற்கேயிருந்து ஒரு புகையிரதம் பளைக்கு வந்தது. யாழ்ப்பாணம் வரையான பாதை ஆயத்தமாகவில்லை. ஒக்டோபர் 13 ஆம் நாள் அது திறக்கப்படும்வரை பாதை பளையிலேயே முடிந்தது. 1902 இல் வடக்கிலிருந்து வந்து முடிந்த அதே இடத்தில், இம்முறை தெற்கிலிருந்து வந்து முடிந்தது. அந்த ஏழு மாதமும் வண்டியில் வந்தவர் அனைவரும் பளையில் இறங்கினர். மேடையெங்கும் பெட்டிகள். அழைத்துப்போக வந்த உறவினர் முகங்களை அடையாளம் காணச் சிறிது நேரம் சென்றது. சிறுவனாகப் போனவனை நரைத்த தலையோடு தேட வேண்டியிருந்தது. கண்டுபிடித்தவர்கள் பெட்டிகளை யாழ்ப்பாணம் போகும் பேருந்தில் ஏற்றினர்.

சில கிழமை கழித்து அவர்களே திரும்பிப் போகவும் பளைக்கு வந்தனர். அப்போதும் பெட்டிகள் நிறைந்தே இருந்தன. மிளகாய்த்தூள் வாசம் பூட்டையும் மீறி மேடையில் எழுந்தது. பனாட்டு, புழுக்கொடியல், காயவைத்த முருங்கையிலை, இரண்டு போத்தல் நல்லெண்ணெய். விமானத்தில் 30 கிலோவுக்கு மேல் விடமாட்டார்கள் என்று ஒருவர் மன்றாடிக்கொண்டிருந்தார். அவருடைய தாயார் அதனைக் காதில் வாங்காமல், தேங்காய் இரண்டை உரித்துத் துணியிற் சுற்றிப் பெட்டியின் ஓரத்தில் செருகிக்கொண்டிருந்தார்.